உப்பின் பங்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 45 நாளாக இருந்த மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் 61 நாள். மீன்கள் இனம் பெருகட்டும் என்று விடப்பட்ட இந்த நாட்களில்தான் நாகப்பட்டினத்திலும் ராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் படகுகளைக் கரையேற்றி, இன்ஜின் அறையின் பலகையைத் தூக்கி, ஆட்கள் உள்ளே இறங்குகிறார்கள். இன்ஜின் ஓடும்போது அந்த அறைக்குள் நிதானமாக நிற்க யாராலும் முடியாது. வெக்கையும் இரைச்சலும் டீசல் நெடியும் ஆளை வெளியே தள்ளும். நின்றுபோன இன்ஜினின் முன்னால் டார்ச்சோடு குந்தியிருக்கும்போதுதான் எதையும் கண்கொண்டு பார்க்க முடிகிறது. வருடத்தில் எனக்கு மிகப் பிடித்த நேரம் இது.

*

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. ஆறுகள் வந்து கலப்பதால் வங்கக்கடலின் மேல்நீரில் கொஞ்சம் குறைவு. அந்தக் கொஞ்சத்தால் இரும்புக்கு எந்த நன்மையும் இல்லை. உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வெவ்வேறு வகை உலோகம் இரண்டு, ஒன்றையொன்று தொட்டபடி அதில் மூழ்கியிருந்தால், அங்கே ஒரு பேட்டரி தானாக உண்டாகிவிடுகிறது. இரண்டில் எது எளிதில் கரையுமோ அது கரைந்துபோகும், மற்றது பிழைத்துக்கொள்ளும். வெண்கல விசிறியும் இரும்புச் சுக்கானும் ஒரே தண்ணீரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இரும்புதான் தோற்கும். இந்தக் கரைதலை நிறுத்த நம்மால் ஆகாது. எது கரைய வேண்டும் என்று முடிவு செய்ய மட்டும் ஆகும்.

மீன் விற்ற காசில் டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்தைப் படகுக்கு, வலைக்கு, ஆட்களுக்கு என்று பங்கு பிரிப்பது போல, உப்புக்கும் ஒரு பங்கை முன்கூட்டியே எடுத்து வைக்கிறோம். அதுதான் ஜிங்க் கட்டை. படகிலுள்ள மற்ற உலோகங்களைவிட முந்திக்கொண்டு துத்தநாகம் கரையும். அது கரையும்வரை இரும்புக்கு ஆயுள் உண்டு.

கரையேற்றிய படகின் அடியில் குனிந்து முதலில் ஜிங்க்கைத்தான் பார்க்கிறேன். பாதிக்கு மேல் அரித்து, சொரசொரத்து, வெளிறிப்போய் இருந்தால் மனம் நிம்மதியாகிறது. மாட்டிய அன்று இருந்தது போலவே இருந்தால் கவலை வருகிறது. ஒன்று, போல்ட்டுக்கு அடியில் துரு ஏறித் தொடர்பு அறுந்திருக்கும். அல்லது, அடிப்பக்கத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தவர் ஜிங்க்கின் மேலும் பிரஷ்ஷை ஓட்டியிருப்பார். பார்வைக்கு அது ஒழுங்காக இருக்கும். ஆனால் பெயிண்ட் மூடிய ஜிங்க் வெறும் கனம்தான். அதன் பங்கைச் சுக்கானின் ஆணிகள் கொடுத்திருக்கும். விரலால் தடவினால் குழி குழியாகத் தட்டுப்படும்.

*

1824-இல் இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி இதே வேலையைப் பெரிய அளவில் செய்து பார்த்தார். அந்நாட்டுக் கடற்படையின் மரக்கப்பல்களுக்கு அடியில் செப்புத் தகடு போர்த்தியிருந்தார்கள். கடல்நீரில் தகடு கரைந்து வீணாவது பெருஞ்செலவாக இருந்தது. துத்தநாகமோ இரும்போ சிறு துண்டுகளாகத் தகட்டோடு சேர்த்துப் பொருத்தினால் செம்பு கரையாது என்று டேவி சொன்னார். சொன்னபடியே செம்பு கரையவில்லை. ஆனால் கொட்டலசும் பாசியும் அடியில் அப்பிக்கொண்டன, கப்பல்களின் வேகம் விழுந்தது. கரைந்துவந்த செம்புதான் அவற்றுக்கு நஞ்சாக இருந்து தள்ளிவைத்திருக்கிறது. சில வருடங்களில் அந்தத் துண்டுகளைக் கடற்படை கழற்றிவிட்டது.

இந்தக் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். டேவியின் கணக்கில் பிசகே இல்லை. கரைந்துகொண்டிருப்பதுதான் அந்தச் செம்பின் வேலை. இன்றும் படகின் அடிக்கு அடிக்கிற கொட்டலசுத் தடுப்புப் பெயிண்டில் பெரும்பாலும் செம்பு ஆக்சைடுதான் இருக்கிறது, அதுவும் மெல்ல மெல்லக் கரைவதற்கென்றே சேர்க்கப்பட்டது.

இன்ஜின் கரும்புகை கக்குகிறது என்றதும் நாசிலைக் கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாசிலும் காரணமாக இருக்கலாம், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். ஆனால் படகு கடைசியாக எப்போது கரையேறியது என்று முதலில் கேட்க வேண்டும். விசிறியின் இலையில் கொட்டலசு படர்ந்துவிட்டால் அதைச் சுழற்ற இன்ஜின் கூடுதலாக உழைக்கிறது, உள்ளே போகும் காற்றுக்கு மிஞ்சி டீசலை வாங்கிக்கொள்கிறது, எரியாதது கரியாக வெளியேறுகிறது. நோய் விசிறியில் இருக்க, வைத்தியம் இன்ஜினுக்கு நடக்கிறது. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது, அதை ஒத்திப்போட முடியாது.

*

மரப்படகில் இன்னொன்றும் உண்டு. ஜிங்க் நல்லது என்று நாலு பக்கமும் அளவுக்கு மீறி அடித்துவைத்தால், பாதுகாக்கப்படும் உலோகத்தைச் சுற்றிக் காரம் உண்டாகிறது. போல்ட்டைச் சுற்றியுள்ள மரம் வெளுத்து, நார் நாராகி, மெத்தென்று ஆகிவிடும். போல்ட் பளபளவென்று இருக்கும், அதைப் பிடித்திருக்கும் பலகை போய்விட்டிருக்கும். பாதுகாப்பிலும் அளவு தவறக் கூடாது என்பதை இந்த மரத்தைத் தொட்டுப் பார்த்தால் தெரியும்.

*

விசிறியைச் சுழற்றும் சாஃப்ட் படகைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் கிளாண்ட் இருக்கிறது. கிரீஸ் ஊறிய கயிற்றுப் பேக்கிங்கை வளையம் வளையமாக உள்ளே திணித்து நட்டால் நெருக்கியிருப்பார்கள். "ஒரு சொட்டுகூட வரல அண்ணே" என்று இளம் மெக்கானிக்குகள் சந்தோஷமாகச் சொல்வதுண்டு. நின்றிருக்கும்போது சொட்ட வேண்டாம், சரி. சாஃப்ட் சுற்றும்போது நிமிடத்துக்குச் சில சொட்டாவது வர வேண்டும். அந்தத் தண்ணீர்தான் பேக்கிங்கைக் குளிர்விக்கிறது. இறுக்கி அடைத்தால் பேக்கிங் கருகிக் கட்டியாகி, சாஃப்ட்டில் காடி விழுந்துவிடும். காடி விழுந்த சாஃப்ட்டுக்கு எத்தனை புதுப் பேக்கிங் போட்டாலும் ஒழுக்கு நிற்காது. கையை வைத்துப் பார்ப்பதுதான் என் வழக்கம், இன்ஜினை நிறுத்தியவுடன், கிளாண்டின் உடம்பின் மேல். கை பொறுக்கும் சூடு என்றால் நெருக்கம் சரி.

*

பித்தளை ஏமாற்றும் உலோகம். அதற்குள்ளேயே செம்பும் துத்தநாகமும் இருப்பதால் உப்புநீர் துத்தநாகத்தை மட்டும் உறிஞ்சிக்கொண்டு செம்பை விட்டுவிடும். உருவம் மாறாது, மரையும் அப்படியே இருக்கும், பலம் மட்டும் இருக்காது. கத்தி முனையால் லேசாகச் சுரண்டினால் போதும். மஞ்சளாக மின்னினால் நல்லது. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்த வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டு வெண்கலத்தில் மாட்ட வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பித்தளை கூடாது என்பது என் பிடிவாதம்.

*

லாரியில் ஓடுகிற அதே வகை டீசல் இன்ஜினைக் கடலுக்கேற்ப மாற்றிப் பொருத்திய படகுகள் நம் கரையில் ஏராளம். அவற்றில் இன்ஜினுக்குள் சுற்றுவது நல்ல தண்ணீர். அதன் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறுவது கடல்தண்ணீர். இரண்டும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் கலக்காமல் அருகருகே ஓடுகின்றன. கடல்நீரையே நேராக இன்ஜினுக்குள் விடும் பழைய முறையில் 60 டிகிரியைத் தாண்டவிட மாட்டார்கள். அதற்குமேல் சூடேறினால் சுண்ணாம்பு பிரிந்து சுவரில் படியும். உப்பு அடைத்துவிட்டது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தச் சுண்ணாம்பைத்தான். சர்க்கரையும் சாப்பாட்டு உப்பும் சுடுநீரில் கூடுதலாகக் கரையும், சுண்ணாம்பு உப்புகள் அதற்கு நேர்மாறு.

கடல்தண்ணீரை இழுக்கும் பம்புக்குள் ரப்பர் இம்பெல்லர். சொறிமீனோ பாலித்தீன் பையோ சல்லடையை அடைத்துத் தண்ணீர் வராமல் போனால், கொஞ்ச நேரத்திலேயே அதன் இலைகள் வெந்து கிழிகின்றன. புது இம்பெல்லர் போடுவதோடு வேலை முடிவதில்லை. கிழிந்த இலை எத்தனையோ அத்தனை துண்டும் கைக்கு வர வேண்டும். வராத துண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் உட்கார்ந்திருக்கும், நடுக்கடலில் சூடு ஏறும்.

*

அதே பம்பின் கழுத்தில், அடிப்பக்கமாக, ஒரு சிறு துளை இருக்கிறது. டார்ச் இல்லாமல் தெரியாது. பம்புக்குள் இரண்டு சீல்: ஒன்று கடல்தண்ணீரைத் தடுப்பது, மற்றது இன்ஜின் ஆயிலைத் தடுப்பது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி அந்தத் துளை வழியாக வெளியே திறந்திருக்கிறது. தண்ணீர் சொட்டினால் முதல் சீல் போய்விட்டது, ஆயில் சொட்டினால் இரண்டாவது. அதை வடிவமைத்தவர், ஒழுகும்போது கண்ணில் படட்டும் என்றே ஒரு வழியை விட்டிருக்கிறார்.

அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதைக்கிறது. சொட்டு நின்றது உண்மை. வெளியே வர வழியில்லாத உப்புத்தண்ணீர் இரண்டாவது சீலையும் தாண்டி ஆயிலுக்குள் போகும். டிப் ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் மட்டம் ஏறியிருக்கும், வெளுத்து நுரைகட்டியிருக்கும். அப்போது இன்ஜினை ஓட்டக் கூடாது. ஆயில் முழுவதையும் வடித்து, ஃபில்டரை மாற்றி, புது ஆயில் விட்டுக் கொஞ்சம் சுற்றவிட்டு, அதையும் வடித்து, நிறம் தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பம்பின் இரண்டு சீலும் அதற்கு முன்பே மாறியிருக்க வேண்டும். பொழுது சாய்ந்துவிட்டாலும், கூட இருப்பவர் வீட்டுக்குக் கிளம்பினாலும், இந்த ஒரு வேலையை விடியட்டும் என்று விடக் கூடாது. இரவோடு இரவாகவே கிராங்க் சாஃப்ட்டில் துரு பிடிக்கத் தொடங்கிவிடும்.