ஏக்கம்

கடவுளிடம் நெருங்கியிருக்க வேண்டும் என்ற ஆசைதான் கிறிஸ்தவ பக்தியின் உயிர் என்பார்கள். சரி, ஆசைப்பட்டும் அந்த நெருக்கம் கிட்டாமலே போனால்? அப்போது மிஞ்சுவது பக்தியா, வெறும் பழக்கமா?

அன்னை தெரஸாவின் அந்தரங்கக் கடிதங்கள் 2007-ல் புத்தகமாக வந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. 1946 செப்டம்பர் 10-ஆம் தேதி டார்ஜிலிங் செல்லும் ரயிலில், ஏழைகளிடம் போகும்படி இறைவன் அழைப்பதாக அவர் உணர்ந்தார். கல்கத்தாச் சேரிகளுக்குப் போனார். 1950-ல் சபையும் கண்டார். ஆனால் வேலை தொடங்கிய காலத்திலேயே உள்ளே விளக்கு அணைந்துவிட்டது. பிரார்த்தனையில் இனிமை இல்லை, பதிலும் இல்லை. 1958-ல் சில வாரங்கள் தவிர, 1997-ல் கண்மூடும் வரை ஏறக்குறைய அதே இருட்டு.

"அப்படியானால் அந்தச் சிரித்த முகம் வேஷம்தானே?" என்று சிலர் கேட்டார்கள்.

ஜோசப் நாய்னர் என்ற ஏசு சபைக் குருவானவர் அன்னைக்கு ஓர் ஆறுதல் சொன்னார்: கடவுளுக்காக ஏங்குவதே அவர் மறைந்து உடனிருப்பதற்கு அடையாளம் என்று. பெரிய ஆறுதல்தான். ஆனால் பாலைவனத்தில் தவித்துச் செத்தவனுக்கும் தாகம் இருந்ததே! ஏக்கம் கடவுளை நிரூபிக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். அது ஏங்குகிற மனத்தைக் காட்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

பிள்ளையிடமிருந்து கடிதமே வராத ஒரு தாய், தபால்காரன் வரும் நேரத்துக்குத் தவறாமல் வாசலில் வந்து நிற்கிறாள். கடிதமும் பணமும் மாதந்தோறும் பெறுகிற தாயின் அன்பு குறைந்தது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் வாசலில் நிற்கிறவளின் அன்பில் பிள்ளையைத் தவிர வேறு எதுவும் கலந்திருக்க வழியில்லை. பக்தியும் அப்படித்தான். இனிமை கிடைத்துக்கொண்டிருக்கும்போது, தான் விரும்புவது கடவுளையா இனிமையையா என்று பக்தனுக்கே தெரியாது.

கடவுள் தம்மைக் கைவிட்டதாகச் சிலுவையில் ஏசுவே கதறினார். மத்தேயுவும் மாற்குவும் அதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் கதறலிலும் அவர் கூப்பிட்டது கடவுளைத்தான்.

அன்னையும் பதில் வராத பிரார்த்தனையில் நாள்தோறும் மண்டியிட்டார். 1952-ல் காளிகாட்டில் தாம் திறந்த இல்லத்தில், சாகக் கிடந்தவர்களைக் கழுவித் துடைத்தார். நெருக்கம் அவருக்கு வாய்க்கவில்லை. நெருங்க வேண்டும் என்ற ஆசையை அவர் விடவும் இல்லை. கிறிஸ்தவ பக்தியின் உயிர் எங்கே என்று யாராவது கேட்டால், நான் அந்த இடத்தைத்தான் காட்டுவேன்.