வெளியேறாத காற்று

மூச்சுத் திணறுகிறவரைப் பார்த்தால் காற்று உள்ளே போகவில்லை என்றுதான் தோன்றும். ஜன்னலைத் திற, விசிறிவிடு என்பார்கள். ஆஸ்துமாவிலும் சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயிலும் முதலில் சிக்கிக்கொள்வது வெளிமூச்சு. இழுக்கும்போது மார்பு விரிகிறது. காற்றுக்குழாய்களும் கூடவே சற்று அகல்கின்றன. விடும்போது அவை ஒடுங்குகின்றன. ஏற்கெனவே குறுகிப்போன குழாய் அந்த நேரத்தில் இன்னும் குறுகுகிறது. உள்ளே இருப்பது முழுதாக வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சுக்கு உடம்பு அவசரப்படுகிறது. பழைய காற்று தேங்கி நிற்க, புதியதற்கு இடம் இல்லை. இளைப்பு வந்த இரவுகளில் நான் அறிந்தது இதைத்தான். நெஞ்சு நிறைந்திருக்கும், மூச்சு மட்டும் இருக்காது.

*

எங்கள் வீட்டில் இரண்டு நோயும் இருந்தன. எனக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. அம்மாவுக்கு அறுபதை நெருங்கும்போது சிஓபிடி. ஊரில் இரண்டுக்கும் ‘வீசிங்’ என்ற ஒரே பெயர். மருந்துக்கடையில் இரண்டுக்கும் ஒரே மாத்திரை.

என் குழாய்கள் எளிதில் சீண்டப்படுபவை. தூசி, பனி, கரப்பான் பூச்சி, ஒரு சாதாரணச் சளிக்காய்ச்சல், சில சமயம் பலமான சிரிப்புகூடப் போதும். உள்சுவர் வீங்கும், தசை இறுகும், சளி சேரும். பிறகு திறந்துகொள்ளும். தொல்லை இல்லாத நாட்களில் நான் ஓடியிருக்கிறேன், மலை ஏறியிருக்கிறேன்.

அம்மாவுடையது அப்படி வந்துபோகவில்லை. மெதுவாக வந்து தங்கிவிட்டது. பல ஆண்டுப் புகை காற்றுப்பைகளின் மெல்லிய சுவர்களை அரித்துவிடுகிறது. விரிந்து சுருங்கும் தன்மை போய்விடுகிறது. உடைந்த சுவர் மறுபடி வளர்வதில்லை. முதலில் தண்ணீர்க்குடம் தூக்குவதை விட்டாள். பிறகு மொட்டைமாடி. பிறகு தலைக்குக் குளித்துவிட்டு வந்து வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். ‘வயசாயிடுச்சு’ என்றுதான் அவளே சொன்னாள். நாங்களும் நம்பினோம்.

சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருப்பதுண்டு.

*

அம்மா பீடியையோ சிகரெட்டையோ தொட்டதில்லை. சோதனைக்குப் போனபோது படிவத்தில் ‘புகைப்பழக்கம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. இல்லை என்று குறித்துக்கொண்டார்கள். அடுப்புக்குக் கட்டம் இல்லை.

விறகு, சுள்ளி, தென்னமட்டை, வறட்டி. ஜன்னல் இல்லாத சமையலறையில் ஊதாங்குழலை வாயில் வைத்து அவள் ஊதிய காலம் என் வயதைவிட நீளமானது. பணக்கார நாடுகளில் சிஓபிடி நோயாளிகளில் 70 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்குக் காரணம் புகையிலை. ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் அது 30 முதல் 40 சதவீதம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அங்கே வீட்டுப் புகையும் ஒரு முக்கியக் காரணம். 2021இல் உலகெங்கும் சுமார் 35 லட்சம் பேர் இந்த நோயால் இறந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அடுப்படியில் நின்றவர்கள் என்று நினைக்காமல் அந்த எண்ணைக் கடக்க முடியவில்லை.

இலவச கேஸ் அடுப்பு வந்தது, உஜ்வலா இணைப்பு வந்தது. நல்ல காரியங்கள். ஆனாலும் குளிக்க வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் கொல்லையில் விறகு எரிகிறது. சாத்திய அறையில் இரவெல்லாம் கொசுவர்த்தி புகைகிறது. ஒரு சுருள் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. போகி விடியலில் எரியும் டயரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதை எரிப்பவர் வீட்டிலும் இருமுகிற குழந்தை ஒன்று இருக்கும்.

*

ஜான் ஹட்சின்சன் என்ற லண்டன் மருத்துவர் 1846இல் மூச்சின் அளவை அளக்கும் கருவியை உலகுக்குச் சொன்னார். இன்றைய ஸ்பைரோமெட்ரி அதன் வழிவந்ததுதான். நிறைய இழுத்து, முழு பலத்தோடு, ஒன்றும் மிச்சமில்லாமல் ஊத வேண்டும். ஊதிய மொத்தக் காற்றில் முதல் ஒரு நொடியில் எவ்வளவு வெளியேறியது என்பதுதான் கேள்வி. குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது 70 சதவீதத்துக்குக் கீழே நின்றால் சிஓபிடி என்று சந்தேகிக்கிறார்கள். மருந்துக்குப் பின் நன்றாகக் கூடினால் ஆஸ்துமாவின் பக்கம் சாய்கிறார்கள். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. சர்க்கரையும் பிரஷரும் எல்லா இடத்திலும் பார்க்கிறார்கள். ஊதிப் பார்க்கச் சொல்கிறவர்கள் குறைவு.

பெயர் பிரித்து அறிவது வெறும் பெயருக்காக இல்லை. ஆஸ்துமாவுக்கு அடிப்படை வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர். குழாயை மட்டும் விரிக்கும் மருந்தைத் தனியாக நம்பியிருப்பது ஆபத்து; 2019இலிருந்து ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுதலே அப்படிச் சொல்கிறது. சிஓபிடியில் முறை வேறு: நீண்டநேரம் விரித்துவைக்கும் மருந்துதான் முதலில், ஸ்டீராய்டு தேவைப்படுவோருக்கு மட்டும். ஒரு வீட்டில் ஒருவர் இன்ஹேலரை இன்னொருவர் எடுத்துக்கொள்வது அதனால்தான் தவறு.

இன்ஹேலர் என்றாலே பழகிவிடும், அது கடைசி வைத்தியம் என்கிற பயம் இன்னும் இருக்கிறது. கல்யாணப் பேச்சு முடியும்வரை பெண்ணின் கைப்பையில் அதை ஒளித்துவைக்கும் வீடுகளும் உண்டு. மாத்திரையில் ஸ்டீராய்டு மில்லிகிராம் கணக்கில் உடம்பெல்லாம் போகிறது. இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில், போக வேண்டிய இடத்துக்கே போகிறது. பயப்பட வேண்டியது எதற்கு என்று யோசிக்கலாம். ஸ்பேசர் என்ற குழலைப் பொருத்தி மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கி, பிறகு வாயைக் கொப்பளித்தால் போதும்.

*

மூக்கால் இழுத்து, சூடான காபியை ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல விடச் சொல்லித் தருகிறார்கள் சிஓபிடி நோயாளிகளுக்கு. அப்படி விடும்போது குழாய்க்குள் அழுத்தம் நிற்கிறது. குழாய் மூடிக்கொள்ளாமல் தேங்கிய காற்று வெளியே வருகிறது. அம்மா இதை யாரும் சொல்லாமலே செய்துவந்தாள். திண்ணையில் முன்னால் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி, உதட்டைக் குவித்து. உடம்பு தனக்குத் தெரிந்த வழியைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் அது நோய் என்று தெரியவில்லை.

புகையை எந்த வயதில் விட்டாலும் நுரையீரல் தேயும் வேகம் குறைகிறது. போனது திரும்புவதில்லை, இருப்பது இன்னும் கொஞ்ச காலம் நிற்கிறது. அடுப்பை மாற்றிய பிறகும் அம்மாவுக்குப் படியேற முடியவில்லை, ஆனால் தெருமுனைக் கோயில்வரை நடக்கிறாள்.

உங்கள் வீட்டில் விறகடுப்பில் சமைத்தவர் யாராவது இருந்தால், அவர் படியில் நின்று நின்று ஏறினால், வயது என்று விட்டுவிடாதீர்கள். அடுத்தமுறை டாக்டரைப் பார்க்கும்போது ஊதிப் பார்க்கும் சோதனையை நீங்களே கேளுங்கள். அடுப்பைப் பற்றியும் சொல்லுங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும்.