நடுங்கும் கரங்களும் நாயன் தந்த சலுகையும்

 

நாகர்கோவிலை அடுத்த ஒரு மஹல்லாவில் நாம் இமாமத்துச் செய்து வருகிறோம். ஒரு வருடம் ஷஅபான் கடைசி ஜும்ஆவில் நோன்பைப் பற்றிப் பயான் செய்தோம். தக்க காரணமின்றி நோன்பை விடுபவர் அடையும் நஷ்டத்தை எடுத்துச் சொன்னோம். சொன்னதில் பிழையில்லை. ஆனால் யார் யாருக்குத் தக்க காரணம் உண்டு என்பதை விளக்காமலே மிம்பரை விட்டு இறங்கிவிட்டோம்.

முதல் ஸஃப்பில் ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். அவருக்கு நடுக்குவாதம், டாக்டர்கள் பார்க்கின்ஸன் நோய் என்பார்கள். தினமும் நான்கு வேளை மாத்திரை சாப்பிட்டு வந்தவர், ரமளான் பிறந்ததும் பகல் மாத்திரைகளை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். மூன்றாம் நோன்பன்று அஸருக்குப் பின் அவருடைய மகன் ஓடி வந்தார்.

"ஹஜ்ரத், வாப்பாவால புரண்டு படுக்கக்கூட முடியல்ல. உடம்பு கட்டை மாதிரி ஆயிட்டு. மாத்திரை குடுத்தா வாயத் திறக்க மாட்டேங்குறாரு."

நாம் விரைந்து போய், "மாமா, மாத்திரையைச் சாப்பிடுங்க, உங்களுக்கு அனுமதி இருக்கு" என்றோம். அவர் எம்மைப் பார்த்து, மெலிந்த குரலில் சொன்னார்: "நீங்கதானே ஹஜ்ரத் மிம்பர்ல நிண்ணு சொன்னீங்க?"

அந்த ஒரு வார்த்தை எம்மை உலுக்கிவிட்டது. அன்றே அவரை டாக்டரிடம் கொண்டு சென்றார்கள். அல்லாஹ்வின் கிருபையால் தேறிவிட்டார். ஆனால் எம் மனம் தேற நாளாயிற்று. ஏனெனில் அபூதாவூதில் வரும் ஒரு ஹதீஸ் நினைவில் நின்றுகொண்டே இருந்தது. பிரயாணத்தில் ஒரு ஸஹாபிக்குத் தலையில் காயம். அவருக்குக் குளிப்புக் கடமையானபோது, சலுகை உண்டா என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபித்தார்கள். அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்றும், அறியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்றும் சொன்னார்கள்.

ஆகவே இந்நோயைப் பற்றி நாம் கேட்டறிந்ததை இங்கு எழுதுகிறோம்.

மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்னும் ஒரு பொருளைச் சுரக்கும் அணுக்கள் உண்டு. நாம் நினைத்தபடி கையும் காலும் சீராக அசைவதற்கு அது வேண்டும். அந்த அணுக்கள் மெல்ல மெல்ல அழிவதே இந்நோய். நடுக்கம் மட்டுமல்ல, உடல் விறைப்பு, நடை தளர்வு, குரல் மெலிவு, மலச்சிக்கல் ஆகியவையும் இதனால் வருகின்றன. 1817-ல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்ற வைத்தியர் இதை விரிவாக எழுதியதால் அவர் பெயரே நோய்க்கு நிலைத்தது.

இதற்கு முக்கிய மருந்து லெவோடோபா. இது மூளைக்குள் சென்று டோபமினாக மாறுகிறது. வழியிலேயே மாறி வீணாகாதிருக்கவும், குமட்டலைக் குறைக்கவும் கார்பிடோபா என்ற மற்றொரு மருந்தைச் சேர்த்து ஒரே மாத்திரையாகத் தருகிறார்கள்.

அல்லாஹ்வின் ஏற்பாட்டைப் பாருங்கள்! நம் மலையோரக் காடுகளில் பூனைக்காலி என்றொரு கொடி படர்கிறது. மலையாளத்தார் நாய்க்குருணை என்பர். அதன் காயிலுள்ள சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். ஆகவே எவரும் விலகியே போவார்கள். அந்தக் கொடியின் விதையில் இதே லெவோடோபா இருப்பதை 1937-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த தாமோதரன், ராமஸ்வாமி என்னும் இருவர் பிரித்தெடுத்துக் காட்டினர். அது இந்நோய்க்குப் பயன்படும் என்பது 1961-ல் வியன்னாவில் தெரிந்தது. 1967-ல் அமெரிக்காவில் கோட்ஸியாஸ் என்ற டாக்டர், சிறிது சிறிதாக அளவைக் கூட்டி வாய்வழியே கொடுத்து, முடங்கியவர்கள் எழுந்து நடக்கக் கண்டார். நோயை இறக்கியவன் மருந்தையும் இறக்கியிருக்கிறான், அறிந்தவர் அறிவார், அறியாதவர் அறியார் என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழியை இங்கே எண்ணிப் பாருங்கள்.

ஆனால் ஒன்று. இம்மருந்து நோயை வேரோடு களைவதில்லை. வேதனையை அடக்கி வைக்கிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். அதனால்தான் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை. நோன்போ ஸஹரிலிருந்து மஃரிபு வரை 13 மணி நேரத்துக்கு மேல். திடீரென மருந்தை நிறுத்தினால் உடல் விறைத்து, கடுங்காய்ச்சல் கண்டு, நினைவு தடுமாறி, உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு.

இனி ஷரீஅத்தின் தீர்ப்பைக் கேளுங்கள். சூரத்துல் பகராவின் 184, 185-ஆம் ஆயத்துகளில் நோயாளிக்கும் பிரயாணிக்கும் அல்லாஹ் சலுகை வைத்து, தான் நாடுவது இலேசையே என்றும் அறிவிக்கிறான். நோன்பு பிடித்தால் நோய் கடுமையாகும் என்று நம்பிக்கையான டாக்டர் சொன்னால் நோன்பை விடலாம். உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்றால் விடத்தான் வேண்டும். நீங்கும் என்ற ஆதரவில்லாத நோயானால், விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஃபித்யா கொடுக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு முத்து அளவு அரிசி. ஹனஃபி மத்ஹபில் ஒரு ஃபித்ரா அளவு தானியம் அல்லது அதன் கிரயம். நோயின் ஆரம்ப நிலையில் உள்ள சிலருக்கு மருந்து நேரத்தை மாற்றித் தர டாக்டரால் இயலலாம். ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே அவரிடம் கேளுங்கள், தாமாக மாற்றாதீர்கள்.

தொழுகையிலும் இதுவே. நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குச் சொன்ன வழி. தன்னிச்சையின்றிக் கை நடுங்குவதால் தொழுகை முறியாது. இதையறியாமல் பள்ளிக்கு வருவதையே விட்டவர்கள் நம்மூரில் உண்டு. குத்துச்சண்டை வீரர் முஹம்மத் அலீக்கு 1984-ல் இந்நோய் இருப்பது தெரிந்தது. 1996-ல் அட்லாண்டாவில் உலகமே பார்க்க, நடுங்கும் கையோடு அவர் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றினார். அல்லாஹ்வின் வீட்டில் நம் கை நடுங்குவதற்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்? பக்கத்தில் நிற்பவர் உற்றுப் பார்க்காமல், எழ ஒரு கை கொடுத்தால் அதுவும் ஸதகாதான்.

வீட்டிலுள்ளோருக்கு ஒரு வார்த்தை. கறி, மீன், பால், பருப்பு இம்மருந்து சேர்வதைத் தடுக்கும். ஆகவே மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னதாகவோ, டாக்டர் சொல்லும் நேரத்திலோ கொடுங்கள். பூனைக்காலிப் பொடியை மாத்திரையோடு சேர்த்துத் தாமாகக் கொடுக்காதீர்கள். இரண்டும் ஒரே மருந்தாகி அளவு மீறிவிடும். ஓதிப் பாருங்கள், துஆச் செய்யுங்கள். ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

அந்தப் பெரியவர் இப்போது ரமளான் பகலில் மாத்திரை சாப்பிடுகிறார். தம் ஃபித்யாவை நடுங்கும் கையாலேயே அளந்து, பேரன் வசம் ஏழைகளுக்கு அனுப்புகிறார். நாமும் ஒவ்வொரு ஷஅபானிலும் நோன்பின் கடமையைச் சொல்லும் அதே மிம்பரில் அதன் சலுகையையும் சொல்லிவிட்டே இறங்குகிறோம்.

வல்ல நாயன் நம் நோயாளிகள் அனைவருக்கும் ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும், நமக்கு மார்க்கத்தைச் சரியாக விளங்கிச் சொல்லும் தவ்ஃபீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.