வயல்வெளியில் கொடுத்த வாக்கு

கேள்வி: என் பால்ய சிநேகிதர் மரணப் படுக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, தம் மகனைப் படிக்கவைத்து ஆளாக்கும்படி கேட்டார், நானும் சம்மதித்தேன். அறையில் வேறொருவரும் இல்லை. இரண்டு வருஷம் பணம் அனுப்பினேன். இப்பொழுது என் பிள்ளைகளே கல்லூரிக்குப் போகிறார்கள். போதாக்குறைக்கு, பையன் படிக்காமல் ஊர் சுற்றுகிறான் என்று அவர்கள் உறவினர் ஒருவர் சொல்லுகிறார். அந்த வாக்கு இன்னும் என்னைக் கட்டுப்படுத்துமா?

பதில்: கட்டுப்படுத்தும். ஏரோது விருந்தில் இட்ட ஆணையைப்போல் பாவத்துக்கு ஏதுவான வாக்காயிருந்தால் அதைக் கைவிடுவதே தர்மம் என்பேன், தங்களுடையது அத்தகையதன்று.

அறையில் ஒருவரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். யோனத்தானும் தாவீதும் உடன்படிக்கை செய்துகொண்டதும், அரண்மனையை விட்டு விலகி, பிறர் கண்ணுக்கு எட்டாத ஒரு வயல்வெளியிலேதான். ராஜ்யம் தன் தகப்பனாகிய சவுலின் வீட்டை விட்டுத் தாவீதின் கைக்குப் போகும் என்று உணர்ந்திருந்த யோனத்தான், புதிய அரசன் பழைய அரசனுடைய வமிசத்தை வேரறுப்பது வழக்கமாயிருந்த அந்தக் காலத்தில், தன் சந்ததிக்குத் தயை செய்யவேண்டும் என்று கேட்டுக்கொண்டான். கர்த்தர் ஒருவரே அதற்குச் சாட்சி.

யோனத்தான் கில்போவா மலையில் மடிந்தான். வருஷங்கள் சென்றன. வாக்கை நினைவூட்ட ஒருவரும் வராதிருக்கையில், சவுலின் வீட்டாரில் யாராவது மீதியாயிருக்கிறார்களா என்று தாவீதே விசாரித்தான். ஐந்து வயதில், தாதி தூக்கிக்கொண்டு ஓடுகையில் விழுந்து இரண்டு கால்களும் முடமாகிப்போன, யோனத்தானின் குமாரனாகிய மேவிபோசேத்தை லோதேபாரிலிருந்து அழைத்து வந்தார்கள். செத்த நாய் என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டு முகங்குப்புற விழுந்த அவனுக்கு, பாட்டனுடைய நிலங்கள் திரும்பக் கிடைத்தன. ராஜபந்தியிலும் நித்தமும் இடம் கிடைத்தது.

இதற்குப் பின் நடந்ததே தாங்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டியது. தன் குமாரனாகிய அப்சலோமின் கலகத்துக்குத் தப்பித் தாவீது எருசலேமை விட்டு ஓடியபோது, மேவிபோசேத்தின் வேலைக்காரனாகிய சீபா கழுதைகளின்மேல் அப்பமும் பழமும் ஏற்றிக்கொண்டு வந்து, எஜமான் ராஜ்யத்தை விரும்பி எருசலேமிலே தங்கிவிட்டான் என்று கோள் சொன்னான். தாவீது விசாரியாமலே நம்பி, நிலம் முழுவதையும் சீபாவுக்கு ஈந்துவிட்டான். ராஜா திரும்பியபோது எதிர்கொண்டு வந்த மேவிபோசேத்தோ, ராஜா போன நாள் முதற்கொண்டு கால்களைப் பேணாமலும், தாடியைச் சீர்படுத்தாமலும், துணிகளை வெளுக்காமலும் இருந்தவன். அப்பொழுதும் அவனுக்குப் பாதி நிலம்தான் திரும்பக் கிடைத்தது. இந்த இடத்தில் தாவீதுக்காகப் பரிந்து பேச எனக்கு மனம் வரவில்லை.

பிற்காலத்தில், கிபியோனியருக்கு இஸ்ரவேலர் இட்ட ஆணையைச் சவுல் மீறியதன் நிமித்தம் தேசத்தில் மூன்று வருஷம் பஞ்சம் உண்டாகி, சவுலின் சந்ததியில் ஏழு பேர் பலியாகக் கேட்கப்பட்ட நாளில், கலக்கமில்லாமல் நான் ஒருபோதும் வாசித்திராத அந்த அதிகாரத்திலும், வயல்வெளியில் இட்ட ஆணைக்காக மேவிபோசேத்து ஒருவனை மட்டும் தாவீது தப்பவிட்டான்.

ஆகையால், உறவினர் சொல்லைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்குமுன் நேரிலே போய், பையனை அருகில் உட்காரவைத்து, நடந்ததை அவன் வாயாலேயே கேளுங்கள். முன்போல் முழுத் தொகையும் கொடுக்க இயலாவிட்டால், இயன்ற தொகை இவ்வளவு என்று அவன் தாயாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவன் தகப்பனார் தங்களிடம் என்ன கேட்டார் என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள். அந்த அறையில் நடந்தது அவனுக்கு இதுவரை தெரியாமலே இருக்கலாம்.