ஸபுர் மனைவிக்கு மட்டுமா?

நிக்காஹ் முடிந்து ஓராண்டு நிறையுமுன்பே இளந்தம்பதியர் ஜமாஅத் அலுவலகத்தின் படியேறுவதைப் பல மஹல்லாக்களில் காண்கிறோம். விசாரித்தால் பெரிய குற்றம் எதுவும் இராது. "வாய் திறந்து பேசமாட்டேன் என்கிறார்" என்பாள் அவள். "வீட்டுக்குள் நுழைந்தால் கேள்வி மேல் கேள்வி" என்பான் அவன். பெரியவர்கள் கடைசியில் அவள் பக்கம் திரும்பி, "ஸபுர் செய்யம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். மூன்று மாதத்தில் அதே வழக்கு திரும்ப வரும்.

இத்தகைய பிணக்கை அமெரிக்காவில் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன், நீல் ஜேகப்ஸன் என்னும் உளவியல் அறிஞர்கள் ஆராய்ந்தனர். நடத்தையை மாற்றப் பயிற்றுவிப்பதே அதுவரை இருந்த முறை. ஒருவர் இயல்பை மற்றவர் ஏற்றுக்கொள்வதையும் அதனுடன் சேர்த்து 1996-ல் நூல் வெளியிட்டனர். பின்னர் 134 தம்பதியரிடம் இரு முறைகளும் சோதிக்கப்பட்டன. 5 ஆண்டுகளுக்குப் பின் ஏறத்தாழப் பாதிப்பேர் தேறிய நிலையில் இருந்தனர். இரு முறைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே இதைச் சர்வரோக நிவாரணி என்று நாம் கூறவரவில்லை. ஆனால் அவர்கள் கண்ட ஒன்று நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்துகிறது. அவன் ஒதுங்குவதால் அவள் கேட்கிறாள். அவள் கேட்பதால் அவன் மேலும் ஒதுங்குகிறான். யார் முதலில் தொடங்கியது என்று வழக்காடாமல், இந்தச் சுழலை இருவரும் சேர்ந்து பார்க்கவும், கோபத்துக்கு அடியிலிருக்கும் வேதனையைச் சொல்லவும் பழக்குகிறார்கள்.

வளைகுடாவிலிருந்து இரண்டு மாத விடுப்பில் வரும் கணவனை எண்ணிப்பாருங்கள். அவன் அங்கே இரண்டாண்டு பேச்சற்ற அறையில் பழகியவன். அவளோ இரண்டாண்டுப் பேச்சைச் சேர்த்து வைத்திருப்பவள். இதில் குற்றவாளி யார்?

நம் பெருமானார் (ஸல்) அவர்கள் தம் துணைவியர் ஒருவர் இல்லத்தில் இருந்தபோது, மற்றொரு துணைவியார் ஒரு தட்டில் உணவு அனுப்பினார்கள். அவ்வில்லத்து அன்னையார் பணியாளின் கையைத் தட்டிவிட, தட்டு விழுந்து உடைந்தது. அண்ணலார் ஏசவில்லை. உடைந்த துண்டுகளையும் உணவையும் தம் கையாலேயே சேர்த்தெடுத்து, உங்கள் அன்னைக்கு ரோஷம் வந்துவிட்டது என்ற கருத்தில் கூறினார்கள். அத்தோடு விட்டார்களா? அவ்வில்லத்திலிருந்தே நல்ல தட்டொன்றை ஈடாகக் கொடுத்தனுப்பினார்கள். ரோஷம் மன்னிக்கப்பட்டது, தட்டு மறக்கப்படவில்லை. புகாரியில் உள்ள செய்தி இது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மகிழ்ச்சியிலிருந்தால் 'முஹம்மதின் இறைவன்மீது' என்றும், மனத்தாங்கலில் இருந்தால் 'இப்ராஹீமின் இறைவன்மீது' என்றும் சத்தியமிடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் கவனித்து வைத்திருந்து, அதை அவர்களிடமே சொன்னதும் ஹதீஸில் உண்டு. மனைவியின் சொல்லில் இத்தனை நுட்பமாகக் காது வைக்கும் கணவர் நம்மில் எத்தனை பேர்?

அந்நிஸா அத்தியாயத்தின் 19-வது வசனம், நீங்கள் வெறுக்கும் ஒன்றில் அல்லாஹ் மிகுந்த நன்மையை வைத்திருக்கக்கூடும் என்று உணர்த்துவது ஆண்களை நோக்கித்தான். அதைப் பெண்ணுக்கு மட்டும் ஓதிக்காட்டுவது எந்த நியாயம்? அதே அத்தியாயத்தின் 35-வது வசனம் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை நியமிக்கச் சொல்கிறது. இரு தரப்பையும் கேட்கவே இந்த ஏற்பாடு. அவளுடைய பேச்சை அவள் தரப்பு நடுவர் தனியே கேட்கட்டும். சபை நடுவே அவள் எதைச் சொல்வாள்?

தனியே கேட்கையில் அடி, குடி, நகை கேட்டுத் துன்புறுத்தல் என்று வெளிவந்தால் அது இயல்பு வேற்றுமை அன்று, அநியாயம். அந்த அமெரிக்கச் சோதனையிலும் அபாயகரமான அடிதடி உள்ள தம்பதியர் சேர்க்கப்படவில்லை. அநியாயமே இல்லாதபோதும் மார்க்கம் வழியை அடைத்துவிடவில்லை. ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவியார், கணவரின் மார்க்கத்திலோ குணத்திலோ குறை கூறாமலே, அவருடன் வாழ இயலவில்லை என்று முறையிட்டார்கள். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தருவாயா என்றுதான் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அவர்கள் சம்மதிக்கவே, தோட்டத்தைப் பெற்றுக்கொண்டு ஒரு தலாக் சொல்லுமாறு ஸாபித் (ரலி) அவர்களுக்குக் கட்டளையிட்டார்கள்.