தேரில் அமர்ந்திருப்பவர்

கடோபநிஷதம் மனித வாழ்வை ஒரு தேருக்கு ஒப்பிடுகிறது. உடல் தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி தேரோட்டி. தேரின் தலைவனாக அமர்ந்திருப்பது ஆன்மா. இந்த உவமையை விளக்குவோர் பெரும்பாலும் அடங்காத குதிரைகளைப் பற்றியே பேசுவர். தேரோட்டி பிறவியிலேயே தளர்ந்தவனாக இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அதிகம் எழுவதில்லை. ஆயினும் உபநிஷத நோக்கில் அதற்கு விடை உண்டு. புத்தி ஒரு கருவி. கருவி தளர்ந்தாலும் தேரில் இருப்பவர் தளர்வதில்லை. அறிவுசார் குறைபாட்டுடன் பிறந்தவரிடமும் வேதாந்தம் கற்ற பண்டிதரிடமும் விளங்குவது ஒரே ஆன்மாதான்.

இதைச் சத்சங்கத்தில் ஏற்பது எளிது. நோயாளிகள் நிறைந்த வார்டில், நள்ளிரவுப் பணியில் இருக்கும் ஒருவர் ஏற்று நடப்பது எளிதன்று.

இங்கிலாந்தில் மென்காப் என்ற தொண்டு நிறுவனம் 2007-ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. அறிவுசார் குறைபாடு உடைய ஆறு பேர், அரசு மருத்துவ சேவையின் பராமரிப்பில் இருந்தபோது இறந்த விதத்தை அது விவரித்தது. அவர்களுள் ஒருவர் பக்கவாதத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். அவரால் பேச இயலாது. பக்கவாதத்திற்குப் பின் விழுங்கவும் இயலவில்லை. செவிலியர்கள் மூக்குவழிக் குழாய் மூலம் உணவு கொடுத்து வருவதாக மருத்துவர்கள் எண்ணியிருந்தனர். யாரும் கொடுக்கவில்லை. இப்படி 26 நாட்கள் கடந்தன. உண்மை தெரிந்தபோது, உணவுக்குழாய் பொருத்தும் அறுவை சிகிச்சையைத் தாங்கும் வலிமை அவரிடம் இல்லை. அவர் இறந்தார்.

பிரிஸ்டல் நகருக்கு அருகில் விண்டர்போர்ன் வியூ என்ற மருத்துவமனையில் இத்தகைய நோயாளிகள் அடித்துத் துன்புறுத்தப்பட்டதை 2011-இல் தொலைக்காட்சி வெளிப்படுத்தியது. மறு ஆண்டு பதினொரு ஊழியர்கள் தண்டனை பெற்றனர். அந்தக் கொடுமையைக் காண்பவர் எவரும் உடனே கண்டிப்பர். ஆனால் 26 நாள் பட்டினிக்குக் கொடியவர் எவரும் தேவைப்படவில்லை. ‘வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்’ என்ற எண்ணமே போதுமானதாக இருந்தது.

கோயில் கருவறையை நினைத்துப் பார்க்கலாம். நைவேத்தியம் ஒரு வேளை தவறினால் அர்ச்சகர் பதறிப்போகிறார். இறைவன் பசிக்கிறது என்று வாய்திறந்து கேட்பதில்லை. அதனாலேயே வேளை தவறாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பூசிப்பவருடையதாகிறது. பேச இயலாத நோயாளியிடம் மட்டும், கேட்கவில்லை என்பது எப்படித் தேவையில்லை என்று பொருளாகிவிடுகிறது?

சங்கரர் பிரம்ம சூத்திர பாஷ்யத்தின் தொடக்கத்தில் அத்தியாசம் என்பதை விளக்குகிறார். சிப்பியில் வெள்ளியைக் காண்பது போல, ஒன்றின் மீது மற்றொன்றை ஏற்றிக் காணும் மயக்கம் அது. மருத்துவமனையிலும் இம்மயக்கம் உண்டு. அறிவுசார் குறைபாடு உடைய ஒருவர் கத்துகிறார், தலையைச் சுவரில் மோதுகிறார், உண்ண மறுக்கிறார். ‘இவர்கள் அப்படித்தான்’ என்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அவருக்குப் பல்வலியோ, மலச்சிக்கலோ, குடல் அடைப்போ இருக்கலாம். குறைபாடு என்ற பெயர் நோயின் மீது ஏற்றப்பட்டு, நோய் மறைந்துவிடுகிறது. இது நூலளவில் நிற்கும் தத்துவப் பிழையன்று. இத்தகையோரில் ஆண்கள் மற்றவர்களைவிடச் சுமார் 13 ஆண்டுகளும், பெண்கள் சுமார் 20 ஆண்டுகளும் முன்னதாக இறப்பதைத் தென்மேற்கு இங்கிலாந்தில் நடைபெற்று 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சையிலும் நேர்ந்த தாமதங்களை அது முக்கியமாகக் குறிப்பிட்டது.

இங்கிலாந்தின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், குறைபாடு உடையவருக்கு ஏற்றவாறு சேவையை மாற்றி அமைப்பதைக் கடமையாக்கியுள்ளது. இரைச்சலற்ற அறை, காத்திருக்க வைக்காமல் முதலில் பார்ப்பது, உறவினரை இரவில் உடன் தங்கவிடுவது போன்ற எளிய மாற்றங்களே பெரிதும் உதவுகின்றன. நோயாளியுடன் ஒரு சிறு கையேடும் வருகிறது. கட்டாயம் அறிய வேண்டியவை சிவப்புப் பகுதியிலும், அடுத்து முக்கியமானவை மஞ்சள் பகுதியிலும், விருப்பு வெறுப்புகள் பச்சைப் பகுதியிலும் எழுதப்பட்டிருக்கும்.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சிகிச்சையில் அவர்களுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. சட்டத்தைவிட இங்கே பெரிய துணை, படுக்கையருகே தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் தாய்தான். மகன் கையைக் கடித்தால் காது வலி, கண்ணை மூடிக்கொண்டால் பயம் என்று அவளுக்குத் தெரியும். வார்டுக்கு வரும் மருத்துவர் அவளிடம் ஒரு நிமிடம் கேட்டால் பாதி நோய் விளங்கிவிடும். ‘நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள் அம்மா’ என்பதே பல இடங்களில் அவள் கேட்கும் முதல் சொல்.

அத்தாய்க்கும் வயதாகிறது. அவள் அறிந்தவை அவளோடு போய்விடாதபடி, வீட்டில் உள்ள யாரேனும் இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கலாம்: வலித்தால் என்ன செய்வான், மாத்திரையை எதில் கலந்து கொடுத்தால் விழுங்குவான், எந்தப் பெயரால் அழைத்தால் திரும்பிப் பார்ப்பான்.