பரிசீலனையில் இருக்கிறது!

“மறுத்துவிட்டார்களா?”

“இல்லை.”

“இசைவு தந்துவிட்டார்களா?”

“அதுவும் இல்லை.”

“பிறகு என்னதான் சொல்கிறார்கள்?”

“பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள்.”

எங்கள் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியை ஒருவருக்கும் எனக்கும் மாதம் ஒரு முறையேனும் நடக்கும் உரையாடல் இது. மணமான மூன்றாம் வாரம் கணவர் கடல் கடந்தார். அங்கே அவருக்கு வேலை உண்டு, வீடு உண்டு, நிலையாகத் தங்கும் உரிமையும் உண்டு. மனைவியை அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தார். கேட்ட தாள்களை எல்லாம் கொடுத்தார்கள். மருத்துவச் சான்று காலம் கடந்துவிட்டது என்றனர். மீண்டும் எடுத்துக் கொடுத்தார்கள். சான்றுக்குக் காலக்கெடு உண்டு, கட்டணத்துக்குக் காலக்கெடு உண்டு. முடிவு சொல்ல வேண்டியவருக்கு மட்டும் காலக்கெடு கிடையாது! எந்த நாடு என்பது இங்கே வேண்டாம். நாடு எதுவாயினும் வாசகம் ஒன்றுதான்.

வீட்டுப் பெரியவர்கள் அவருக்குக் கூறும் ஆறுதல், “எல்லாம் தலைவிதி அம்மா, பொறுத்திரு” என்பது. மழை பொய்த்தால் விதி, மகவு இறந்தால் விதி என்று சொல்லிப் பழகிய நாக்கு, கோப்பு நகராததற்கும் அதே மருந்தைத்தான் எடுத்து நீட்டுகிறது. கோப்புக்குக் கால் இல்லை. அது தானாக நகராது, தானாக நிற்பதுமில்லை. ஒரு கை அதை எடுக்க வேண்டும். எடுக்காத கை யாருடையது என்று கேட்பதைவிட்டு வானத்தைப் பார்ப்பானேன்?

ஆனால் தோழர்களே, அந்தக் கை யாருடையது என்று கேட்கத் தொடங்கினால் ஒரு விந்தையைக் காண்கிறோம். மேசை முன் அமர்ந்த எழுத்தர், “எனக்கு முன்னே இருநூறு கோப்புகள், வரிசைப்படி பார்க்கிறேன்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. மேலதிகாரி, “ஆள் போதவில்லை” என்பார். அதுவும் மெய்யே. அமைச்சர், “விதிமுறைகளை நான் மீறலாமா?” என்பார். கணவனையும் மனைவியையும் பிரித்து வையுங்கள் என்று எவரும் ஆணையிடவில்லை. ஆயினும் அவர்கள் பிரிந்திருக்கிறார்கள். எவரும் இழைக்காத அநீதி என்று ஒன்று உலகில் உண்டா? இருந்தால், அதற்கு யாரைக் கேட்பது?

இதே வினா 1975-ஆம் ஆண்டு ஆங்கில நாட்டின் மேல்முறையீட்டு மன்றத்தின் முன் வந்தது. அந்நாட்டின் 1971-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், அங்கே வாழும் உரிமை பெற்ற குடிமகனின் மனைவிக்கும் அவ்வுரிமை உண்டு என்றது. தயவு அன்று, சலுகை அன்று, உரிமை! ஆனால் அந்த உரிமை உண்டு என்பதற்குச் சான்றிதழ் வேண்டும். அதைப் பெறப் பம்பாயிலே வரிசையில் நிற்க வேண்டும். நேர்முக விசாரணைக்கே ஓராண்டுக்கு மேல் ஆகும். ஒரு மனைவி துணிந்தார். சான்றிதழ் இல்லாமலே இலண்டனில் போய் இறங்கினார். “என் கணவர் இங்கே இருக்கிறார், என் தாள்கள் இங்கே இருக்கின்றன, இங்கேயே ஆராய்ந்து பாருங்கள்” என்றார். உள்துறை அமைச்சகமோ, “பம்பாய்க்குத் திரும்பு, வரிசையில் நில்” என்றது.

மன்றம் அமைச்சகத்தின் பேச்சை ஏற்கவில்லை. டென்னிங் பிரபு தலைமையில் அமர்ந்த நீதிபதிகளுள் ஸ்கார்மன் என்பவர், 1215-இல் ஜான் மன்னனிடமிருந்து பிரபுக்கள் பெற்ற மாக்னா கார்ட்டா பட்டயத்தை நினைவூட்டினார். நீதியை எவருக்கும் விற்பதில்லை, மறுப்பதில்லை, தாமதிப்பதுமில்லை என்பது அதன் ஒரு விதியின் பொருள். (பிரபுக்கள் தங்கள் நலனுக்காகப் பெற்ற பட்டயம்தான் அது, பண்ணையாளை நினைத்து எழுதியதன்று. ஆயினும் நல்ல ஆயுதம் எவன் பட்டறையில் வடித்ததாயினும் ஆயுதமே.) விண்ணப்பத்தை இங்கேயே ஆராய வேண்டும், ஓராண்டு வரிசைக்குத் திருப்பி விரட்டுதல் கூடாது என்பது தீர்ப்பு.

விற்பது, மறுப்பது, தாமதிப்பது என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னவர்கள் எத்துணைக் கூர்மையானவர்கள்! மறுப்பு நேர்மையான பகை. காரணம் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம். தாமதத்தை எதிர்த்து எந்தப் படியேறுவது? இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே என்பார்கள். வகுப்பிலே ஓர் ஆசிரியன் ஒரு மாணவனைத் தேர்ச்சி என்றும் சொல்லாமல், தோல்வி என்றும் சொல்லாமல், விடைத்தாளை மேசை அறைக்குள்ளே பூட்டி வைத்து, அவன் அதே வகுப்பில் மீண்டும் ஓராண்டு உட்காரட்டும் என்றால் ஊர் சும்மா இருக்குமா? பின்னால் முழு மதிப்பெண் போட்டாலும் போன ஆண்டு வருமா? விற்பனைக்கும் தாமதத்துக்கும் உள்ள உறவோ இன்னும் நெருக்கமானது. கூடுதல் பணம் கட்டினால் விரைந்து பார்க்கிறோம் என்று ‘முன்னுரிமைச் சேவை’ நடத்துகிறார்கள், அதே ஆங்கில நாட்டில்! தாமதம் இல்லாவிட்டால் விரைவை யார் விலைக்கு வாங்குவார்?

அந்தத் தீர்ப்புக்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். உரிமை இருப்பதால்தானே தாமதம் குற்றமாகிறது? உரிமையையே எடுத்துவிட்டார்கள். 1981-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 1983 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது; அதன் பின் மணந்தவர்க்குத் திருமணத்தால் அவ்வுரிமை கிடைப்பதில்லை. மனைவி விண்ணப்பதாரர் ஆனார்.

வரிசை நீளமானால் ஐயமும் நீளும். மனைவியர் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் மணம் செய்துகொள்ள வரும் பெண் முன்னிசைவின்றி வரலாம் என்றிருந்த காலம் அது. 1979 சனவரியில் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் முப்பத்தைந்து வயது இந்தியப் பெண்மணி ஒருவர் இறங்கினார். அவரும் ஓர் ஆசிரியை. மணமகள் என்று சொல்லி வரிசையைத் தாண்ட வந்த மனைவியோ என்று ஐயுற்றார்கள். அவர் கன்னியா என்று உடலைச் சோதித்தார்கள்! செய்தித்தாள் அதை வெளியிட்டது, நாடே நாணியது, சோதனை நிறுத்தப்பட்டது. வரிசையை உண்டாக்கியவர்களே அதைத் தாண்ட நினைத்தாள் என்று ஒரு பெண்ணை அவமானப்படுத்தினார்கள். இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

தாமதம் இயற்கையாக நேர்கிறது என்போர் 2022-ஐப் பார்க்கட்டும். உக்ரைன் போரால் வீடிழந்தோரின் விண்ணப்பங்களை முதலில் கவனிக்க ஆங்கில அரசு முனைந்தது. நல்ல செயல், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காக வெளிநாட்டிலிருந்து வரும் வாழ்க்கைத் துணைவரின் விண்ணப்பத்துக்கு இருந்த 12 வாரத்தை 24 வாரமாக்கினர். யாரோ ஒருவர் மேசையில் அமர்ந்து பன்னிரண்டை அடித்துவிட்டு இருபத்துநான்கு என்று எழுதினார் அல்லவா? அதுவும் ஒரு முடிவுதானே! ஊழ்வினை பேனா பிடிப்பதில்லை.

படிப்பகத் தோழர் ஒருவர் என்னிடம் வாதிட்டார்: “போலித் திருமணங்கள் இல்லையா? ஆராயாமல் விடலாமா?” உண்டு, ஆராயத்தான் வேண்டும். ஆனால் அலமாரியில் கிடக்கும் கோப்பை யார் ஆராய்கிறார்? பதினான்கு மாதம் காத்திருப்பதில் பதின்மூன்று மாதம் எவரும் அதைத் தொடுவதே இல்லை என்றால், அது என்ன ஆராய்ச்சி? மேலும் போலி மணம் செய்தவனுக்குப் பிரிவு வலிக்காது. அவன் அமைதியாகக் காத்திருப்பான். மெய்யாக மணந்தவர்களுக்குத்தான் ஒவ்வோர் இரவும் தண்டனை. முதல் குழந்தையின் முதல் நடையைக் கைப்பேசியில் பார்க்கும் தந்தை எந்தப் போலியைத் தடுத்தார்?

ஆராய்ச்சிக்கு நாள் பிடிக்கும் என்பதை ஒப்புகிறேன். அந்த நாள்களை எங்கே கழிப்பது என்பதுதான் என் கேள்வி. ஒரே கூரையின் கீழ் காத்திருந்தால் அரசுக்கு என்ன நட்டம்? முடிவு பாதகமானால் அனுப்பிவிடட்டும். இது கனவன்று. அமெரிக்காவில் பச்சை அட்டை பெற்றோரின் துணைவருக்கு ஆண்டுக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு; அதனால் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2000 டிசம்பர் 21 அன்று ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. மூன்றாண்டு காத்திருந்தோர் ‘வி’ விசா பெற்று வந்து சேர்ந்திருக்கலாம், வேலையும் பார்க்கலாம், எஞ்சிய காத்திருப்பை அங்கேயே கழிக்கலாம் என்றது அது. வானம் இடிந்து விழவில்லை. ஆனால் அந்த நாளுக்குள் மனுப் போட்டவர்க்கே அது பொருந்தும். மறுநாள் போட்டவர்க்கு இல்லை.

இதை எங்கள் ஆசிரியையிடம் சொன்னேன். நோட்டுகளைத் திருத்திக்கொண்டே கேட்டவர் தலை நிமிர்ந்தார்.

“மூன்று ஆண்டு பிரிந்திருந்தால்தான் சேர்த்துவைப்பார்களா, சார்? எனக்கு இன்னும் இரண்டு கூட முடியவில்லையே” என்றார்.